ஆறரை மணிக்கு அறுந்துபோகும் இணையம்

வெள்ளவத்தையிலிருந்து ஓய்வுபெற்ற கணித ஆசிரியை ஒருவர் கேட்டிருக்கிறார். அவர் எழுதியதன் சுருக்கம் இது: கடற்கரைப் பக்கத்துத் தொடர்மாடி ஒன்றில் மூன்றாம் மாடி. 2012இல் வாங்கிய மேசைக் கணினி, விண்டோஸ் 7இல் தொடங்கிப் பிறகு விண்டோஸ் 10க்கு மாற்றியது. இணைப்பு ஃபைபர். ரவுட்டர் முன்கதவுக்குப் பக்கத்துச் சுவரில் இருக்கிறது, கணினி பின்னறையில் இருக்கிறது. கணினியின் முதுகில் செருகிய விரல்நக அளவு வைஃபை குச்சிதான் இரண்டுக்கும் பாலம். கிழமையில் நான்கு நாள், பின்னேரம் ஆறு தொடக்கம் எட்டு வரை, உயர்தர மாணவர்களுக்குச் சூம் வழியாக இணைந்த கணிதம் கற்பிக்கிறார். வகுப்பைப் பதிவுசெய்து வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றில் சேமிக்கிறார். ஆறரைக்கும் ஏழரைக்கும் இடையில் மூன்று நான்கு முறை இணையம் போய்விடுகிறது. ஒன்றிரண்டு நிமிடத்தில் தானாகவே திரும்பி வருகிறது. காலையில் ஒரு குறையும் இல்லை. கணினிக் கடைக்காரர் கணினி பழசு என்கிறார். மருமகன் ரவுட்டரை மாற்றச் சொல்கிறார். இணைப்பைத் தந்த நிறுவனம் தங்கள் லைன் நன்றாக இருக்கிறது என்கிறது. யார் சொல்வதைக் கேட்பது?

ரீச்சர் (நான் உங்களிடம் படித்தவன் அல்லன், ஆனாலும் வேறு எப்படி அழைப்பது?), இப்போதைக்கு ஒருவர் சொல்வதையும் கேட்கவேண்டாம். மூவரில் ஒருவர் சொல்வது சரியாகவே இருக்கலாம். ஆனால் மூவருமே அளக்காமல் சொல்கிறார்கள். தெரியாக்கணியங்கள் மூன்று இருக்கின்றன, சமன்பாடோ ஒன்றே ஒன்று: 'இணையம் போகிறது'. இதை வைத்து விடை எழுதிய பிள்ளைக்கு நீங்கள் எத்தனை புள்ளி போடுவீர்கள்?

காலி வீதிக்கு உள்ளே ஒரு சந்தில் சிறிய திருத்தகம் வைத்து இருபது வருடத்துக்கு மேலாகிறது. இணையம் விட்டுவிட்டு வருகிறது என்று என்னிடம் வருகிறவர்களில் பலர் எதையாவது புதிதாக வாங்கிய பிறகுதான் வருகிறார்கள். புதிய ரவுட்டர், 'பூஸ்டர்' என்று புறக்கோட்டையில் விற்கும் பெட்டி, சில நேரம் முழுக் கணினியே. வாங்கியது புதிது, பிரச்சினை பழையது. காரணம் எளியது. எந்த இடத்தில் அறுகிறது என்று பார்க்காமல் கைக்கு எட்டிய இடத்தில் ஒட்டுப் போட்டிருக்கிறார்கள்.

கணினியின் வயதைப் பற்றி முதலில் ஒரு சொல். வயதான கணினி மெதுவாக இருக்கும், சூடாகும், இரையும். வயதானது என்பதற்காக மட்டும் அது இணையத்தை அறுத்துப் பின் ஒட்டாது. பழைய கணினிக்கே உரிய சில கோளாறுகள் இணையம் அறுந்ததுபோலத் தோற்றம் காட்டும் என்பது உண்மை. அவற்றைப் பிறகு சொல்கிறேன். ஆனால் காலையில் ஒழுங்காக ஓடுவது பின்னேரம் மட்டும் தடுமாறினால், நான் முதலில் சந்தேகிப்பது கணினியை அல்ல. காலைக்கும் பின்னேரத்துக்கும் இடையில் கணினிக்கு வயது கூடுவதில்லை.

உங்கள் குரல் மாணவரைச் சென்றடைய மூன்று துண்டுப் பாதை இருக்கிறது. கணினியிலிருந்து ரவுட்டர் வரை ஒன்று, ரவுட்டரிலிருந்து நிறுவனம் வரை இரண்டு, அங்கிருந்து வெளியுலகம் வரை மூன்று. எந்தத் துண்டு அறுகிறது என்பதைக் கண்டுபிடிக்கக் காசு கொடுத்து எதுவும் வாங்கத் தேவையில்லை. விண்டோஸிலேயே கருவி இருக்கிறது. விண்டோஸ் விசையையும் ஆர் எழுத்தையும் ஒன்றாக அழுத்துங்கள். வரும் சிறு பெட்டியில் சீ-எம்-டீ (cmd) என்ற மூன்று ஆங்கில எழுத்துகளை அடித்து என்டரைத் தட்டினால் ஒரு கறுப்புப் பெட்டி திறக்கும். இதே வேலையை இன்னொரு முறை செய்து இரண்டாவது கறுப்புப் பெட்டியையும் திறந்துகொள்ளுங்கள்.

ரவுட்டரின் முகவரி வேண்டும். பெரும்பாலும் ரவுட்டரின் அடியில் உள்ள ஸ்டிக்கரில் இருக்கும். 192.168.1.1 என்பது வழமையானது, சிலவற்றில் வேறாக இருக்கலாம். முதல் கறுப்புப் பெட்டியில் பீ-ஐ-என்-ஜீ (ping) என்று அடித்து, ஓர் இடைவெளி விட்டு அந்த முகவரி, மறுபடி ஓர் இடைவெளி, ஒரு சிறு கோடு, கோட்டை ஒட்டியே சின்ன டீ எழுத்து (t), பிறகு என்டர். இதுதான் பிங் கட்டளை. கணினி நொடிக்கொரு முறை ரவுட்டரைப் பார்த்து 'இருக்கிறாயா?' என்று கேட்கும், ரவுட்டர் 'இருக்கிறேன்' என்னும். எவ்வளவு நேரத்தில் பதில் வந்தது என்று ஒவ்வொரு வரியிலும் மில்லி விநாடியில் எழுதும். இரண்டாவது பெட்டியில் அதே கட்டளையை 8.8.8.8 என்ற முகவரிக்குக் கொடுங்கள். அது கூகுளின் பொதுச் சேவை முகவரி, எப்போதும் பதில் சொல்லும். முதல் பெட்டியில் ஒன்று, இரண்டு, மூன்று மில்லி விநாடி என்று வரும். இரண்டாவதில் அதைவிட அதிகமாக வரும், ஏனென்றால் கேள்வி கடலுக்கு அப்பாலும் போய்வர வேண்டியிருக்கலாம்.

இரண்டு பெட்டிகளையும் திரையின் ஓரத்தில் சிறிதாக வைத்துவிட்டு வகுப்பைத் தொடங்குங்கள். பக்கத்தில் ஒரு கொப்பியும் பேனையும் இருக்கட்டும். இணையம் போனவுடன் மாணவர்களைப் பற்றிக் கவலைப்படாமல் முதலில் நேரத்தை எழுதுங்கள். பிறகு அந்த இரண்டு பெட்டிகளையும் பாருங்கள்.

இரண்டுமே நின்றிருந்தால், அறுந்தது முதல் துண்டு. உங்கள் கணினிக்கும் ரவுட்டருக்கும் இடையிலான வழக்கு, நிறுவனத்துக்கு அதில் தொடர்பில்லை. முதலாவது ஓடிக்கொண்டிருக்க இரண்டாவது மட்டும் நின்றிருந்தால் கோளாறு ரவுட்டருக்கு வெளியே. இரண்டுமே ஓடிக்கொண்டிருக்க வகுப்பு மட்டும் உறைந்திருந்தால் அது வேறு கதை, அதையும் சொல்கிறேன்.

நின்றிருக்கும் பெட்டி என்ன சொல்லிவிட்டு நின்றிருக்கிறது என்பதையும் எழுதுங்கள். பலர் இதைக் கவனிப்பதில்லை. 'ரிக்வெஸ்ட் டைம்ட் அவுட்' என்றால் கணினி கேட்டது, பதில் வரவில்லை. 'டெஸ்டினேஷன் ஹோஸ்ட் அன்ரீச்சபிள்' என்று உங்கள் கணினியின் சொந்த முகவரியிலிருந்தே வந்தால், அந்த முகவரிக்காரரை வீட்டுக்குள் தேடியும் காணவில்லை என்று பொருள். 'ஜெனரல் ஃபெயிலியர்' என்று வந்தால் கணினியால் கேட்கவே முடியவில்லை, வைஃபை குச்சியே இணைப்பை விட்டுவிட்டது. இந்த மூன்றாவது வசனம் கண்டால் எனக்குப் பாதி வேலை முடிந்தது.

கண்ணோடு காதும் வேண்டும். கொட்டாஞ்சேனையில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். கனடாவிலிருக்கும் மகனோடு அம்மா பேசும்போதெல்லாம் படம் உறைகிறது என்றார்கள். ஒரு மணித்தியாலம் இருந்து இரண்டு கோப்பை பிளேன்டீ குடித்தேன், எல்லாம் நன்றாகவே ஓடியது. எழும்பப் போகும் நேரத்தில் பேரன் பள்ளிக்கூடத்தால் வந்து பாட்டியின் மடியில் ஏறி, திரையிலிருந்த மாமாவைப் பார்த்துக் காலை ஆட்டத் தொடங்கினான். ஸ்பீக்கரிலிருந்து மேலிருந்து கீழாக இறங்கும் இரண்டு சுரம், படம் உறைந்தது. சில விநாடி கழித்துக் கீழிருந்து மேலாக ஏறும் இரண்டு சுரம். யூஎஸ்பியில் செருகிய பொருள் ஒன்று கழன்றால் விண்டோஸ் எழுப்பும் ஓசை முதலாவது, திரும்பச் செருகினால் எழுப்புவது இரண்டாவது. பையனின் குதிக்கால் மேசைக்கு அடியிலிருந்த கணினிப் பெட்டியில் தட்டியது. தளர்ந்துபோயிருந்த துவாரத்தில் வைஃபை குச்சி அரைக்கணம் தொடர்பு விட்டது. குச்சியைப் பக்கத்துத் துவாரத்துக்கு மாற்றினேன், கூலி வாங்க வெட்கமாக இருந்தது. நீங்கள் வகுப்பில் ஹெட்ஃபோன் போட்டிருப்பீர்கள். அறுகிற நேரத்தில் அந்த இறங்கு சுரம் கேட்கிறதா என்று கவனியுங்கள்.

இனி என் ஊகம். நேரில் பார்க்காமல் தீர்ப்புச் சொல்வது தப்பு, ஆனாலும் நீங்கள் எழுதிய விவரங்கள் முதல் துண்டையே காட்டுகின்றன. பின்னேரம் மட்டும், ஒன்றிரண்டு நிமிடம், தானாகவே திரும்பி வருதல். வெள்ளவத்தைத் தொடர்மாடி ஒன்றில் வைஃபை பட்டியலைத் திறந்தால் மேல் வீடு, கீழ் வீடு, எதிர்க் கட்டடம் என்று பெயர்கள் வரிசையாக வந்துகொண்டே இருக்கும். 2012இன் சின்ன வைஃபை குச்சி என்றால் பெரும்பாலும் 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசையில் மட்டும் வேலை செய்வது. அந்த அலைவரிசையில் ஒன்றையொன்று இடிக்காத சனல்கள் மூன்றுதான்: 1, 6, 11. அந்த மூன்று ஒழுங்கைகளில்தான் அத்தனை வீடும் வண்டி ஓட்டுகின்றன. காலையில் எல்லோரும் வேலைக்கும் பள்ளிக்கும் போனபின் ஒழுங்கை காலி. ஆறு மணிக்குமேல் நெரிசல் நேரத்துக் காலி வீதி மாதிரிதான்.

நெரிசல் மட்டும் என்றால் மெதுவாக ஓடும், அறுவது குறைவு. அறுப்பது பெரும்பாலும் ரவுட்டரின் அதிபுத்திசாலித்தனம். பல ரவுட்டர்களில் சனல் தேர்வு 'ஓட்டோ' என்று விடப்பட்டிருக்கும். நெரிசல் கூடும்போது சில ரவுட்டர்கள் தானாக இன்னொரு சனலுக்குத் தாவும். தாவும் கணத்தில் எல்லாக் கருவிகளும் கைநழுவும். புதிய கைபேசி சட்டென்று பின்னாலேயே ஓடிப்போய்ப் பிடித்துக்கொள்ளும், உங்களுக்குத் தெரியக்கூட வராது. பழைய குச்சி நின்று, தேடி, திகைத்து, ஒரு நிமிடம் கழித்துத்தான் கண்டுபிடிக்கும். இன்னொரு வில்லங்கமும் உண்டு. ரவுட்டர் 12 அல்லது 13ஆம் சனலுக்குப் போனால், அமெரிக்கச் சந்தைக்காகச் செய்யப்பட்ட சில பழைய குச்சிகளுக்கு அந்த இரண்டும் கண்ணுக்கே தெரியாது. ரவுட்டர் திரும்பி வரும்வரை இணையமே இல்லை என்று சொல்லும்.

ஆகவே ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து (முகவரியை உலாவியில் அடித்தால் அது வரும், நுழையும் சொல் பெரும்பாலும் அதே ஸ்டிக்கரில் இருக்கும்) 2.4 கிகாஹேர்ட்ஸ் பகுதியில் சனலை 1, 6, 11 மூன்றில் ஒன்றாக நிலையாக வையுங்கள். அகலம் 20 மெகாஹேர்ட்ஸ். 40 என்றிருந்தால் வேகம் கூடும் என்று நினைத்து யாரோ வைத்திருப்பார்கள். தொடர்மாடியில் அது இரண்டு ஒழுங்கையை அடைத்துக்கொண்டு ஓடுகிற லொறி. மூன்று சனல்களில் எது நல்லது? கைபேசியில் வைஃபை அலசும் செயலி ஒன்றை வைத்து, ஆறரை மணிக்கு, உங்கள் பின்னறையில் நின்று பாருங்கள். காலை பத்து மணிக்குப் பார்த்துப் பயனில்லை.

அடுத்தது அந்த வெளி ஹார்ட் டிஸ்க். இதை நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் உறுத்துகிறது. யூஎஸ்பி 3 வேகத்தில் இயங்கும் கருவியும் அதன் வயரும் 2.4 கிகாஹேர்ட்ஸ் பகுதியில் வானொலி இரைச்சலைக் கக்கும். இன்டெல் நிறுவனமே 2012இல் இதைப் பற்றி ஒரு தொழில்நுட்பக் குறிப்பு வெளியிட்டது. உங்கள் கணினியின் முதுகில் உள்புறம் நீல நிறமாக இருக்கும் துவாரங்கள் அந்த வகை. டிஸ்க் அங்கே செருகப்பட்டு, அதற்கு ஒரு விரற்கடை தள்ளி வைஃபை குச்சி இருந்தால், வகுப்பைப் பதிவுசெய்யும் நேரத்தில் மட்டும் குச்சியின் காதருகில் யாரோ மேளம் அடிப்பதுபோல. காலையில் பதிவு இல்லை, மேளமும் இல்லை. ஒரு நாள் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு வகுப்பை உள் டிஸ்க்கிலேயே பதிந்து பாருங்கள். குற்றம் அதன் மேல் என்று தெரிந்தால், ஒரு மீற்றர் யூஎஸ்பி நீட்டிப்பு வயர் வாங்கிக் குச்சியை மேசைக்கு மேலே, திறந்த வெளியில் கொண்டுவந்துவிடுங்கள். டிஸ்க் இல்லாவிட்டாலும் அது நன்மைதான். இரும்புப் பெட்டிக்குப் பின்னால், சுவரை முட்டிக்கொண்டு, மேசைக்கு அடியில் இருக்கும் குச்சி என்ன பாவம் செய்தது?

குசினி வழியிலே இருந்தால் மைக்ரோவேவ் அடுப்பையும் கணக்கில் எடுக்கவேண்டும். அதுவும் 2.45 கிகாஹேர்ட்ஸில்தான் இயங்குகிறது. இடியப்பம் சூடாக்கும் இரண்டு நிமிடமும் உங்கள் கொப்பியில் எழுதிய நேரமும் ஒத்துப்போகிறதா என்று வீட்டிலுள்ளவரைக் கேளுங்கள்.

கணினிப் பக்கத்தில் இரண்டு அமைப்புகளைத் திருத்தலாம். விண்டோஸில் கருவிகளைப் பட்டியலிடும் டிவைஸ் மனேஜரில் வைஃபை குச்சியின் பெயரைத் தேடி, அதன் பண்புகளில் 'பவர் மனேஜ்மென்ட்' என்ற பக்கத்தைத் திறந்தால், மின்சாரத்தைச் சேமிக்க இந்தக் கருவியை அணைக்கக் கணினிக்கு அனுமதி என்று ஒரு சரி அடையாளம் இருக்கும். அதை எடுத்துவிடுங்கள். பவர் ஒப்ஷன்ஸில் யூஎஸ்பியைத் தூங்கவைக்கும் அமைப்பும் ஒன்று உண்டு, அதையும் நிறுத்துங்கள். மடிக்கணினியின் பட்டரிக்காக நினைத்த ஏற்பாடு, மேசைக் கணினிக்கு ஒரு பயனும் இல்லை.

இவ்வளவையும் ஒவ்வொன்றாகச் செய்யுங்கள். ஒரு பின்னேரத்துக்கு ஒரு மாற்றம். ஒரே நாளில் ஐந்தையும் மாற்றிவிட்டு 'சரியாகிவிட்டது' என்று சொன்னால், ஆறு மாதம் கழித்துத் திரும்ப வரும்போது எது மருந்து என்று தெரியாது.

சரி, இத்தனை வைஃபை வைத்தியத்தையும் ஒரே சோதனையில் தாண்டிப் போகலாம். ரவுட்டரிலிருந்து கணினிக்கு நேரே ஒரு நெட்வேர்க் கேபிள். 2012இன் மேசைக் கணினியின் முதுகில் அதற்கான துவாரம் கட்டாயம் இருக்கும், அதைப் பெரும்பாலானோர் தூசி சேரவே விட்டிருக்கிறார்கள். ஒரே ஒரு வகுப்புக்கு நிலத்தில் கேபிளை இழுத்துவிட்டு நடத்துங்கள். வைஃபையை அணைத்துவிடுங்கள். இணையம் அறுகவில்லை என்றால் குற்றவாளி வைஃபைதான், மறுபேச்சில்லை. என்னைக் கேட்டால் சோதனைக்குப் பிறகும் கேபிளைக் கழற்றவே வேண்டாம். இடம் மாறாத கணினிக்கு வைஃபை எதற்கு? வீட்டில் வயர் தெரிவது அழகில்லை என்பார்கள். வகுப்பு நடுவில் தொகையீட்டுக் கணக்கு உறைந்து நிற்பதும் அழகில்லைத்தான்.

கடலோரம் என்பதால் ஒரு எச்சரிக்கை. உப்புக் காற்று செம்பைச் சும்மா விடாது. பல வருடம் திறந்து கிடந்த நெட்வேர்க் துவாரத்துக்குள் கைபேசி வெளிச்சத்தை அடித்துப் பாருங்கள். எட்டுக் கம்பிகளும் பொன்னிறமாக இருக்கவேண்டும். பச்சை பூத்திருந்தால், அல்லது மங்கியிருந்தால், கணினியை முற்றாக நிறுத்திவிட்டுப் பிளக்கைப் பத்துத் தடவை செருகிக் கழற்றுங்கள். உரசலே மேல்படலத்தைக் கொஞ்சம் துடைத்துவிடும். பச்சை நிறையப் படர்ந்திருந்தால் தொடர்புமுனைத் துப்புரவாக்கும் ஸ்பிரே தேவைப்படும். செருகும்போது 'டிக்' என்று பூட்டவேண்டும். பூட்டு உடைந்த பிளக்கை ஸெலோடேப் போட்டு ஒட்டி வைத்திருக்கும் வீடுகளை நான் எண்ணி முடிக்கமாட்டேன்.

இப்போது இரண்டாவது துண்டு, அதாவது ரவுட்டர் பதில் சொல்லிக்கொண்டிருக்க 8.8.8.8 மட்டும் நின்றுபோகும் நிலைமை. முதலில் ரவுட்டரின் விளக்குகள். ஃபைபர் இணைப்பில் 'லொஸ்' (LOS) என்ற மூன்றெழுத்து விளக்கு சிவப்பாக எரிந்தால் ஒளி வந்து சேரவில்லை. அறுந்திருக்கலாம், மடிந்திருக்கலாம். வெளியில் அறுந்தால் நிறுவனத்தின் வேலை. ஆனால் வீட்டுக்குள்ளே அலுமாரியைச் சுவரோடு நெருக்கித் தள்ளி இழையைக் கூர்மையாக மடித்திருந்தால் அது நாமே செய்த வேலை. கண்ணாடி இழையை ஒரு தேநீர்க் கோப்பையின் வாயளவு வட்டத்துக்குக் கீழே வளைக்காதீர்கள். அதன் முனையைக் கழற்றிப் பார்க்கவும் வேண்டாம். கண்ணுக்குத் தெரியாத தூசி ஒன்று போதும் ஒளியைக் கெடுக்க, அந்த ஒளியும் கண்ணுக்கு நல்லதல்ல.

விளக்குகள் எல்லாம் ஒரே நேரத்தில் அணைந்து ஒவ்வொன்றாக எரிந்து வந்தால் ரவுட்டர் தானே நின்று எழும்புகிறது. அப்போது இரண்டு கறுப்புப் பெட்டிகளுமே நிற்கும், அதனால் வைஃபை கோளாறு என்று ஏமாறக்கூடாது. ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் 'அப்டைம்' என்று ஓர் எண் இருக்கும், கடைசியாக எழும்பி எவ்வளவு நேரம் என்று. ஆறு நாற்பதுக்கு அறுந்ததை எழுதிவிட்டு ஏழு மணிக்கு அந்த எண்ணைப் பாருங்கள். மூன்று நாள் என்று இருந்தால் ரவுட்டர் நிற்கவில்லை. இருபது நிமிடம் என்று இருந்தால் கள்ளன் பிடிபட்டான்.

உங்கள் தெருவிலேயே இன்னொரு வீட்டில் அப்படிப் பிடித்தேன். வரவேற்பறையில் ஒரு மல்டி பிளக், அதில் குளிர்சாதனப் பெட்டி, மின்விசிறி, ரவுட்டர் மூன்றும். நான் ரவுட்டரையே பார்த்துக்கொண்டு கதிரையில் இருந்தேன். குளிர்சாதனப் பெட்டி 'ம்ம்' என்று உறுமத் தொடங்கிய அதே நொடியில் ரவுட்டர் விளக்குகள் கண் சிமிட்டி அணைந்தன. மோட்டார் எழும்பும்போது ஒரு கணம் நிறைய மின்சாரத்தை இழுக்கும், தளர்ந்த மல்டி பிளக்கில் மின்னழுத்தம் சரியும். நல்ல அடப்டர் அந்தச் சரிவைத் தாங்கும், உள்ளே கப்பாசிற்றர் வற்றிப்போன கிழட்டு அடப்டர் தாங்காது. 12 வோல்ட் என்று எழுதியிருந்த அந்த அடப்டரை ரவுட்டர் ஓடும்போது அளந்தால் 11ஐக்கூடத் தொடவில்லை. பின்னேரத்தில் பிள்ளைகள் வந்து குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து திறந்து மூடுவார்கள், ஆகவே பின்னேரத்தில்தான் இணையம் போனது. அடப்டரை மாற்றி ரவுட்டரைச் சுவரிலுள்ள தனிப் பிளக்கில் செருகியதோடு தீர்ந்தது. அடப்டர் வாங்கும்போது வோல்ட் சரியாக அதே எண்ணாக இருக்கவேண்டும். அம்பியர் அதே அளவோ கூடவோ இருக்கலாம், குறையக் கூடாது.

2022இல் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம்வரை மின்வெட்டு இருந்த காலத்தில் பல வீடுகளில் ரவுட்டருக்கென்று சின்ன யூபிஎஸ் (மின்சாரம் போனாலும் ஓடவைக்கும் பட்டரிப் பெட்டி) வாங்கினார்கள். உங்களிடமும் இருந்தால் அதன்மேலும் ஒரு கண் வையுங்கள். உள்ளிருக்கும் பட்டரி சில வருடத்தில் சோர்ந்துவிடும், சோர்ந்த யூபிஎஸ் இல்லாத யூபிஎஸ்ஸைவிட மோசம். ஒரு பின்னேரம் அதைத் தவிர்த்து ரவுட்டரை நேரே சுவரில் செருகிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

பழைய செம்பு லைனில் இணையம் வைத்திருக்கும் வாசகர்களுக்கு ஒரே வரி: மழை பெய்யும்போது மட்டும் அறுந்தால், தொலைபேசியைக் காதில் வைத்துப் பாருங்கள். கரகரப்புக் கேட்டால் எங்கோ ஒரு மூட்டில் தண்ணீர் இறங்கியிருக்கிறது, வீட்டுக்குள் எதை மாற்றியும் பயனில்லை.

இரண்டாவது பெட்டி நிற்காமல், எண் மட்டும் ஐம்பதிலிருந்து எண்ணூறு, ஆயிரம் என்று ஏறுகிறதா? அது அறுதல் அல்ல, அடைப்பு. வீட்டுக்கு வந்த யாருடைய கைபேசியோ அன்றைய படங்களையும் வீடியோக்களையும் மேலே ஏற்றிக்கொண்டிருக்கும். ஏற்றும் வழி குறுகியது. அதில் ஒருவர் சாமான் வண்டியை விட்டால் உங்கள் குரல் பின்னால் வரிசையில் நிற்கும். வகுப்பு முடியும்வரை கைபேசிகளில் தானியங்கிச் சேமிப்பை நிறுத்தச் சொல்லுங்கள்.

மூன்றாவது துண்டு நம் கையில் இல்லை. 2004இல் கொழும்புத் துறைமுகத்துக்கு வெளியே ஒரு கப்பலின் நங்கூரம் கடலடிக் கேபிளை இழுத்துவிட்டபோது வெளிநாட்டு இணையத் தொடர்பின் பெரும்பகுதி போய்விட்டது. அந்த நாட்களில் என்னிடம் கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள் உண்டு. இன்று பல கேபிள்கள் இருப்பதால் அந்த அளவுக்கு ஆவதில்லை.

இனி, இரண்டு பெட்டிகளும் அமைதியாக ஓடிக்கொண்டிருக்க வகுப்பு மட்டும் உறையும் நிலைமை. இப்போதுதான் கணினியின் வயது கூண்டில் ஏறுகிறது. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அழுத்தினால் டாஸ்க் மனேஜர் வரும். சிபியு அல்லது மெமரி நூறு வீதத்தை முட்டிக்கொண்டிருந்தால் இணையத்தில் பிழையில்லை, கணினிக்கு மூச்சு வாங்குகிறது. 4 ஜிபி மெமரியில் சூம், அதன் பதிவு, உலாவியில் பத்துப் பக்கம், பின்னால் வைரஸ் தேடல் எல்லாம் ஒன்றாக என்றால் வாங்கத்தான் செய்யும். சூமில் மெய்நிகர் பின்னணிப் படத்தை எடுத்துவிடுங்கள், உயர்தர வீடியோவை அணையுங்கள், வைரஸ் தேடலை விடியற்காலைக்கு மாற்றுங்கள். மெமரியைக் கூட்டி, எஸ்எஸ்டி என்ற வேகமான டிஸ்க் ஒன்றும் போட்டால் அந்தக் கணினி இன்னும் சில வருடம் வகுப்பெடுக்கும்.

பழைய கணினிகளில் இன்னொரு வேடிக்கை உண்டு. மதர்போர்டில் 2032 என்ற எண்ணுடைய ஒரு நாணயப் பட்டரி, 3 வோல்ட், கணினி அணைந்திருக்கும்போதும் கடிகாரத்தை ஓட்டுவது. அது செத்துவிட்டால் மின்சாரம் போய் வரும் ஒவ்வொரு முறையும் கணினியின் திகதி பல வருடம் பின்னால் போய்விடும். இணையத்தளங்கள் காட்டும் பாதுகாப்புச் சான்றிதழ்கள் எல்லாம் 'எதிர்காலத்தைச்' சேர்ந்தவையாகத் தெரியும், உலாவி எதையும் திறக்க மறுக்கும். கொஞ்ச நேரத்தில் கணினி இணையத்திலிருந்து நேரத்தைத் திருத்திக்கொண்டால் எல்லாம் சரியாகிவிடும். வெளியிலிருந்து பார்த்தால் இணையம் போய் வந்தது போலவே இருக்கும். பிங் பெட்டிகளோ ஒரு நொடிகூட நிற்காது. ஆகவே அறுகிறபோது திரையின் வலது மூலையில் திகதியையும் ஒரு முறை பாருங்கள். பட்டரி மலிவு, மாற்ற ஐந்து நிமிடம்.

கடைக்காரருக்கும் ஒரு நியாயம் சொல்லவேண்டும். விண்டோஸ் 10க்கான வழமையான பாதுகாப்பு ஆதரவை மைக்ரோசொஃப்ட் 2025 ஒக்டோபர் 14உடன் முடித்துக்கொண்டது. அந்தக் கணினியில் வங்கிக் கணக்கைத் திறக்கிறீர்கள் என்றால் மாற்றுவதைப் பற்றி யோசிக்கத்தான் வேண்டும். அது பாதுகாப்புக்கான காரணம். இந்த அறுதலுக்காக மாற்றினால், புதிய கணினியிலும் ஆறரைக்கு அறுந்துவிட்டு நிற்பீர்கள்.

ரவுட்டரின் பின்னாலிருக்கும் சின்ன ஓட்டைக்குள் ஊசியை விட்டு ரீசெட் செய்யவேண்டாம். நிறுவனம் ஏற்றிவைத்த அமைப்புகள் அழிந்துபோகலாம், பிறகு ஆள் வரும்வரை இணையமே இருக்காது. அணைத்து முப்பது விநாடி கழித்துப் போடுவது வேறு, அதில் தீங்கில்லை.

கோளாறு இரண்டாவது துண்டில் என்று கொப்பி சொன்னால், நிறுவனத்தை அழைத்து 'அடிக்கடி போகிறது' என்று சொல்லாதீர்கள். 'திங்கள் 6.41இலிருந்து 6.43, புதன் 7.02இலிருந்து 7.05, ரவுட்டருக்குப் பதில் வருகிறது, வெளியே வரவில்லை, கேபிளில்தான் இணைத்திருக்கிறேன்' என்று சொல்லுங்கள். முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கேபிளில் என்ற சொல் முக்கியம், இல்லாவிட்டால் 'உங்கள் வைஃபைதான்' என்று அவர்கள் ஒரே வரியில் வைத்துவிடுவார்கள். பல வாரம் இழுத்தடித்தால் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுக்கு எழுதலாம். அப்போதும் கையில் வேண்டியது அந்தக் கொப்பிதான்.

கேபிள் வாங்க முன் நீளத்தை ஒரு நூலால் அளந்துகொள்ளுங்கள். சுவரோரமாக, கதவு நிலைகளைச் சுற்றி, மூலைகளில் தளர்வாக. வந்த அளவோடு இரண்டு மீற்றர் கூட்டி, இரண்டு முனையிலும் பிளக் அடித்தே விற்கும் கேட் 5ஈ அல்லது கேட் 6 கேபிள் கேளுங்கள். பம்பலப்பிட்டிக் கடைகளில் கிடைக்கும். பின்னறைக் கதவின் கீழால் கொண்டுபோவதாக இருந்தால், வாங்க முன்பே நூலை அங்கே போட்டுக் கதவை அடைத்துப் பாருங்கள். நூல் தப்பும் இடைவெளியில் கேபிள் நசுங்கும். தட்டைக் கேபிள் என்று ஒரு வகை உண்டு, அப்படியானால் அதைக் கேளுங்கள்.